எழுதாமல் விட்ட செய்தியும் எழுதித் தராத கைதும்

(உதகை காந்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும், ஆலைத் தொழிலாளரும், காய்கறித் தோட்டக் கூலித் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பனி இறங்கத் தொடங்கிவிட்டது. விடிந்தால் கொழுந்துக் காட்டுக்கும் கேரட் காட்டுக்கும் போக வேண்டியவர்கள் நீங்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிடும். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி; பூக்களைக்கொண்டு என்ன உருவம் செய்தார்கள், எந்த மந்திரி வந்து திறந்து வைத்தார், எத்தனை கார்கள் மேட்டுப்பாளையம் ரோட்டில் தேங்கி நின்றன, எல்லாம் படத்தோடு வரும். குன்னூர் ஏலத்தில் தேயிலை கிலோ என்ன விலைக்குப் போயிற்று என்பதும் வாரம் தவறாமல் வரும். அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கைக்கு அன்றைக்கு என்ன கூலி கிடைத்தது என்ற கணக்கு அதற்குப் பக்கத்தில் வருகிறதா? ஒரு வரி போட இடமில்லையா? இடம் இருக்கிறது, தோழர்களே. கேட்பார்தான் இல்லை.

பத்திரிகை பொய் சொல்கிறது என்று நாம் அடிக்கடி கோபப்படுகிறோம். பொய்யைக் கண்டுபிடிப்பது அத்தனை கஷ்டமான காரியமில்லை. நாலு நாளில் சாயம் வெளுத்துவிடும். சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இங்கே இந்து நகரிலிருந்த பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். நெகடிவ்வில் வெளிச்சம் படாத இடம் வெறுமையாக நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒன்றுமே இருக்கவில்லை என்று அர்த்தமா? வெளிச்சம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

மனிதனுடைய உரிமையைப் பறிக்கிறவர்கள் தடியை எடுப்பதற்கு முன்னாலேயே ஒரு காரியம் செய்துவிடுகிறார்கள். வாயை மூடிக்கொள்கிறார்கள். கைதானவனுக்குக் காரணம் சொல்வதில்லை. தடை போட்டதை ஊருக்குச் சொல்வதில்லை. செத்தவன் எப்படிச் செத்தான் என்று வாசகனுக்குச் சொல்வதில்லை. இந்த மூன்று மௌனமும் ஒரே குடும்பம். இதைத்தான் இன்று உங்களிடம் விளக்க வந்திருக்கிறேன்.

1950 ஜனவரி 26ந் தேதி நமது நாடு குடியரசாயிற்று. பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை ஆகிய யாவும் அரசியல் சட்டத்தில் ஏறின. ஊரெங்கும் கொடி, இனிப்பு, பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். அந்தச் சட்டத்துக்குப் பதினாறு நாள் வயதாகியிருந்தபோது, பிப்ரவரி 11ந் தேதி, சேலம் மத்திய சிறைக்குள் துப்பாக்கி வெடித்தது. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலபார் விவசாயப் போராட்டங்களில் பிடிபட்ட ஏழைகள். இன்று மலபார் கேரளத்தில் இருக்கிறது. அன்று அதுவும் நீலகிரியும் சேலமும் ஒரே சென்னை ராஜ்யம். கூடலூரில் இறங்கி மேற்கே பார்த்தால் தெரியும் பூமியிலிருந்து வந்தவர்கள், சேலத்து மதிலுக்குள்ளே புதைந்துபோனார்கள்.

இந்தச் செய்தி வெளியே எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிறைக்குள் நிருபர் போக முடியாது. சுட்டவன் சர்க்கார் ஊழியன். அறிக்கை எழுதியதும் சர்க்கார் ஊழியன். கைதிகள் வார்டர்களைத் தாக்கினார்கள், வேறு வழியில்லாமல் சுட்டோம் என்பது அறிக்கை. செத்தவர்கள் மறுப்பு எழுத முடியாது. பிழைத்தவர்கள் பூட்டுக்குள்ளே. மறுப்பு எழுதக்கூடிய கட்சியோ சென்னை ராஜ்யத்தில் 1949லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆக, ஒரு பக்கம் மட்டும் பேசிற்று. மறு பக்கம் பேச வாயில்லை. இதை 'நடுநிலைச் செய்தி' என்று அச்சடித்து வாசகன் கையில் கொடுத்தால் அவன் என்ன செய்வான்?

அந்த நாளில் பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்' என்றொரு ஆங்கில வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. ரொமேஷ் தாப்பர் நடத்தியது. நேரு சர்க்காரின் கொள்கைகளைத் தாட்சண்யமில்லாமல் விமர்சித்தது. சேலம் சம்பவம் நடந்து பதினெட்டு நாள் கழித்து, மார்ச் 1ந் தேதி, சென்னை சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது: இந்தப் பத்திரிகை எங்கள் ராஜ்யத்துக்குள் வரவும் கூடாது, விற்கவும் கூடாது. காரணம், பொது ஜன பாதுகாப்பாம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த எத்தனை தொழிலாளி அன்றைக்கு இந்த மலையில் இருந்தான்? அவனிடமிருந்தா நாட்டைப் பாதுகாத்தார்கள்?

தாப்பர் நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். முதலில் ஹைகோர்ட்டுக்கல்லவா போயிருக்க வேண்டும் என்றது சர்க்கார் தரப்பு. அடிப்படை உரிமைக்காக எங்கள் வாசலுக்கு நேரே வரலாம் என்று கோர்ட் சொல்லிற்று. 1950 மே 26ந் தேதி தீர்ப்பு. சென்னையில் வக்கீலாக இருந்து உயர்ந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். ஒருவர் நீங்கலாக மற்ற நீதிபதிகள் உடன்பட்டார்கள். எழுதுகிற உரிமை மட்டும் போதாது, எழுதியது ஜனங்களிடம் போய்ச் சேருகிற உரிமையும் அதற்குள்ளே அடக்கம். ராஜ்யத்தின் பாதுகாப்பையே குலைக்கிற காரியம் வேறு, ஊரில் ஒரு சலசலப்பு வேறு. சலசலப்பைக் காட்டிப் பத்திரிகையை நிறுத்த முடியாது. உத்தரவு செல்லாது என்று ஆயிற்று.

அதே நாளில், அதே கோர்ட்டில், டில்லி சர்க்கார் 'ஆர்கனைசர்' என்ற பத்திரிகைமீது போட்டிருந்த முன்தணிக்கை உத்தரவும் ரத்தாயிற்று. அது ஆர்.எஸ்.எஸ். பத்திரிகை. நமக்கு நேர் எதிரான கொள்கை. இதை ஏன் மறைக்காமல் சொல்கிறேன் என்றால், எழுத்துரிமை என்பது நமக்குப் பிடித்தவனுக்கு மட்டும் என்று நாம் சொல்லத் தொடங்கினால், நாளைக்கு நம்மைப் பிடிக்காதவன் அதே வார்த்தையை நம்மிடம் சொல்வான்.

சர்க்கார் என்ன செய்தது? தோற்ற வழக்கைச் சட்டத்தை மாற்றி ஜெயித்தது! 1951 ஜூன் 18ந் தேதி அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அமுலுக்கு வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தப் 'பொது ஒழுங்கு' என்ற காரணம் புதிதாக நுழைந்தது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். அந்தச் சொல்தான் இன்றுவரை கோர்ட்டுகளில் நமக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. முதல் பொதுத் தேர்தலே அப்போது நடக்கவில்லை. ஜனங்கள் ஒரு ஓட்டும் போடுவதற்கு முன்பே ஜனங்களின் வாய்க்கு அளவு எடுத்தாகிவிட்டது.

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். ஏ.கே. கோபாலன் பெயர் உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். 1947 டிசம்பர் முதல் சிறையில் வைத்திருந்தார்கள். தண்டனை கொடுத்த வழக்கை கோர்ட் தள்ளினால் காவல் உத்தரவு. அது பலிக்காவிட்டால் இன்னொரு காவல் உத்தரவு. 1950 மார்ச் 1ந் தேதி, கிராஸ் ரோட்ஸ் தடையான அதே நாளில், புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்படி அவர் கையில் மறுபடி ஓர் உத்தரவைக் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தின் 14ம் பிரிவு என்ன தெரியுமா? உன்னை ஏன் பிடித்தோம் என்று உனக்குக் காரணம் சொல்வோம். ஆனால் அந்தக் காரணத்தை நீ கோர்ட்டில் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் ஓராண்டுவரை சிறை! வைத்தியனிடம் போகலாம், ஆனால் எங்கே வலிக்கிறது என்று சொல்லக் கூடாது என்பது போல.

கோபாலனை சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்யவில்லை. 1950 மே 19ந் தேதி தீர்ப்பில் காவல் சட்டம் செல்லும் என்றுதான் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஒரு வாரத்தில் தாப்பருக்கு உரிமை வழங்கிய பதஞ்சலி சாஸ்திரியும் அவர்களில் ஒருவர். ஆனால் அந்த 14ம் பிரிவை மட்டும் எல்லா நீதிபதிகளும் சேர்ந்து அடித்துப் போட்டார்கள். காரணத்தை மறைத்தால் கோர்ட்டே குருடாகிவிடும் என்று அவர்களுக்குப் புரிந்தது.

அடுத்தது, பாரிஸ்டர் வி.ஜி. ராவ் வழக்கு. அவர் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தை 1950 மார்ச் 10ந் தேதி சட்ட விரோத ஸ்தாபனம் என்று சென்னை சர்க்கார் அறிவித்தது. சங்கத்துக்கு நேரில் அறிவிப்புக் கொடுக்க வேண்டுமென்றுகூட அந்தச் சட்டத்தில் இல்லை. கெஜட்டில் போட்டால் போதுமாம்! கெஜட் யார் வீட்டுக்கு வருகிறது? டீக்கடையில் கெஜட் படிக்கிறவர் யாராவது உண்டா? 1952 மார்ச் 31ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவு செல்லாது என்றது.

சேலத்துக் குண்டு, பம்பாய்ப் பத்திரிகை, கோபாலனின் காரணம், ராவுக்குத் தெரியாத கெஜட், நான்கையும் ஒரு கயிற்றில் கட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே சில வாரங்களில், ஒரே சர்க்காரின் கீழ், நாம் இருந்த ராஜ்யத்தில் நடந்தவை.

இங்கே கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தோழர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் குடும்பங்கள் கண்டியிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வந்தவை. உங்கள் கதையும் மௌனத்தின் கதைதான். 1948ல் இலங்கைச் சர்க்கார் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. காடழித்துத் தோட்டம் போட்ட லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டே ஓட்டும் போயிற்று. ஓட்டில்லாதவனைப் பற்றி எந்த மந்திரிக்குக் கவலை? மந்திரிக்குக் கவலையில்லாதவனைப் பற்றி எந்தப் பத்திரிகைக்குக் கவலை? 1964 அக்டோபர் 30ந் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர், அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூட்டைக் கணக்கு! இந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஒருவரிடமாவது உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று ஒப்பந்தத்துக்கு முன் கேட்டார்களா? 1968ல் இங்கே சர்க்கார் தேயிலைத் தோட்டம் போட்டு உங்கள் பாட்டன் பாட்டிகளைக் குடியேற்றினார்கள். ராமானுஜம் கப்பலில் ஏறும்போது அவர்கள் அழுத அழுகையைப் பற்றி எழுதப்பட்டதைவிட, எழுதப்படாதது அதிகம்.

நெருக்கடி நிலையைப் பற்றி இரண்டு வார்த்தை. 1975 ஜூன் 25ந் தேதி இரவு அது பிரகடனமாயிற்று. டில்லியில் பத்திரிகை ஆபீசுகள் வரிசையாக இருக்கும் பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் முதலில் கரண்டை நிறுத்தினார்கள். கைதானவர்களின் பட்டியல் விடிந்ததும் அச்சில் வரக்கூடாதல்லவா! லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உள்ளே போனார்கள். இடதுசாரிகளில் ஒரு பகுதியான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அன்று இந்திரா காந்தி பக்கம் நின்றது என்பதும், கேரளத்தில் அச்சுத மேனன் மந்திரிசபை இருந்தபோதுதான் 1976 மார்ச்சில் ராஜன் என்ற மாணவர் போலீஸ் முகாமில் மாண்டார் என்பதும் சரித்திரம். மௌனத்தைப் பற்றிப் பேச வந்தவன் இதில் மௌனமாக இருக்க முடியாது. ராஜனின் தந்தை ஈச்சர வாரியர் 1977ல் ஹைகோர்ட் ஏறிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அதற்குமுன் சுப்ரீம் கோர்ட்டே, 1976 ஏப்ரல் 28ந் தேதி, நெருக்கடி நிலையில் கைதானவன் கோர்ட் கதவைத் தட்ட உரிமையில்லை என்று சொல்லியிருந்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் முடியாது என்றார். தலைமை நீதிபதிப் பதவி அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே கோர்ட் சொல்வதற்கு 2017 வரை ஆயிற்று.

மலையில் இருக்கிறவர்களுக்கு வாச்சாத்தியைச் சொல்லாமல் போகக் கூடாது. தர்மபுரி ஜில்லா, அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு மலைவாழ் மக்கள் கிராமம். 1992 ஜூன் 20ந் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன. குடிதண்ணீர்க் கிணற்றையும் பாழாக்கினார்கள். பெண்களையும் குழந்தைகளையுமே சேர்த்துச் சிறைக்கு அனுப்பினார்கள். இத்தனையும் நடந்து, ஜூலை மாதத்தில் மலைவாழ் மக்கள் சங்கத்தார் உள்ளே போய் விசாரித்த பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. அதுவரை ஒரு கிராமமே காணாமல் போயிருந்தது, யாரும் தேடவில்லை! அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சர்க்கார் சாதித்தது. வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 269 பேர்மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29ந் தேதி தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர் 29ந் தேதி சென்னை ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம், தோழர்களே! அந்தப் பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, இவன்தான் என்று ஆளைக் காட்டினார்கள். எந்தப் பத்திரிகைக்காரரும் சொல்லாததை அவர்கள் சொன்னார்கள். வழக்கு நின்றது அந்தப் பெண்களால்.

இன்றைய காலத்துக்கு வருவோம். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே, எதை மறைக்க முடியும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2018 மே 22ந் தேதி தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தின் 100வது நாள், போலீஸ் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். அடுத்த நாளே தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று ஜில்லாக்களிலும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். 1975ல் பத்திரிகை ஆபீசுக்குக் கரண்டு, 2018ல் ஜனங்களுக்கு இன்டர்நெட். வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கிச் சூடு நடந்ததை டெலிவிஷனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதல் மந்திரி எடப்பாடி பழனிசாமி. அது சரியல்ல என்று நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை பின்னால் சொல்லிற்று. இன்டர்நெட்டை நிறுத்தும் உத்தரவு எதுவானாலும் அதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10ந் தேதி, காஷ்மீர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்த வழக்கைக் கொண்டுவந்தவர் அனுராதா பசீன் என்ற பத்திரிகை ஆசிரியர். தெரியாத கெஜட்டை எதிர்த்து ராவ் வழக்காடி அறுபத்தேழு வருஷம் கழித்து, மறுபடியும் அதே சண்டை: உத்தரவைக் காட்டு!

துப்பாக்கி வெடித்தால் ஒரு நாளாவது செய்தியாகிறது. சத்தமில்லாமல் போனது ஒன்றைச் சொல்கிறேன். 2020 செப்டம்பர் 22, 23 தேதிகளில் பார்லிமெண்டில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் பகிஷ்கரித்து வெளியே இருந்தன. அந்த வாரம் டெலிவிஷனில் என்ன ஓடிற்று என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஓர் இந்தி நடிகரின் மரணம். யார் எந்த மருந்தை வாங்கினார், எந்த நடிகை எந்தக் காரில் விசாரணைக்குப் போனார். மாதக்கணக்கில் அதே. பாவம், செத்தவர் இளைஞர். அவர் குடும்பத்தின் துக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கான தொழிலாளியின் சட்டம் மாறுகிற நாளில், கேமரா முழுவதும் ஒரு காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாறியது என்ன? நமது 1951ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தனியாக இல்லாமல் ஒரு தொகுப்புக்குள் கரைந்தது. வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு என்பது முன்பு மின்சாரம், ரயில் போன்ற பொதுப் பயன் தொழில்களுக்குத்தான் கட்டாயம். இப்போது எந்த ஆலையானாலும் நோட்டீஸ் கொடுத்துப் 14 நாள் காத்திருக்க வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து லீவு போட்டால் அதுவே வேலைநிறுத்தம். 2025 நவம்பர் 21ந் தேதி இவை அமுலுக்கு வந்துவிட்டன. இன்னொன்றும் கேளுங்கள்: பத்திரிகையாளருக்குப் பாதுகாப்பாக இருந்த 1955ம் வருஷத்து உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும் இதே தொகுப்புக்குள் விழுந்தது. அதை எந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்திலாவது பார்த்தீர்களா? நம் சட்டம் போன செய்தியை எழுதாதவர்கள், தங்கள் சட்டம் போன செய்தியையும் எழுத முடியாமல் இருந்தார்கள்.

ஆகவே, நிருபர்களைப் பகைவராக எண்ணாதீர்கள். நம் ஊருக்குச் செய்தி சேகரிக்க வரும் பிள்ளைக்குப் பல இடங்களில் மாதச் சம்பளமில்லை. செய்திக்கு இவ்வளவு என்று கூலி. நமக்குக் கிலோக் கணக்கு, அவருக்கு வரிக் கணக்கு. விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். விளம்பரம் கொடுக்கிற ரிசார்ட் முதலாளியைப் பற்றி அவர் என்னத்தை எழுதுவார்?

துணிந்து எழுதப் போனவர்களுக்கு என்ன நேர்ந்தது? நாடுகாணி வழியாக மலையிறங்கினால் மலப்புரம் ஜில்லா. அந்த ஜில்லாக்காரர் சித்தீக் காப்பன் என்ற பத்திரிகையாளர். உத்தரப் பிரதேசம் ஹாத்ரஸில் ஒரு தலித் பெண் கொடுமைப்படுத்தப்பட்டு 2020 செப்டம்பரில் இறந்தாள். போலீசார் இரவோடு இரவாகப் பிணத்தை எரித்தார்கள். அதை எழுதப் போகும் வழியில் அக்டோபர் 5ந் தேதி காப்பன் கைதானார். அவர்மேல் உபா சட்டம் பாய்ந்தது. 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் ஜாமீன் கொடுத்தும், வேறு வழக்கைக் காட்டி, 2023 பிப்ரவரி 2ந் தேதிதான் வெளியே விட்டார்கள். இரண்டு வருஷம் நாலு மாதம். ஒரு வரி எழுதுவதற்கு முன்பே!

டில்லியில் நியூஸ்கிளிக் என்ற செய்தி நிறுவனம். 2023 அக்டோபர் 3ந் தேதி விடியற்காலையில் பத்திரிகையாளர்கள் பலர் வீட்டில் போலீஸ் நுழைந்து போன்களையும் கம்ப்யூட்டர்களையும் எடுத்துப் போயிற்று. ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா கைது. 1975 நெருக்கடி நிலையிலும் சிறை கண்டவர். அயல்நாட்டுப் பணம் என்பது குற்றச்சாட்டு, அவர் மறுக்கிறார், அதை விசாரணையில் பார்க்கட்டும். 2024 மே 15ந் தேதி சுப்ரீம் கோர்ட் அவருடைய கைதே செல்லாது என்று விடுவித்தது. ஏன்? கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்கவில்லை! கோபாலனுக்குக் காரணத்தைக் கொடுத்து வாயைக் கட்டினார்கள்; இவருக்குக் காரணத்தையே எழுதிக் கொடுக்கவில்லை.

இந்தத் தீர்ப்பு டில்லி ஆசிரியருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கொழுந்து விலைக்காக ரோட்டில் உட்கார்ந்தவரையும், கூலி கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றவரையும் வேனில் ஏற்றும்போது இதே சட்டம்தான். 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் மேலும் ஒரு படி போயிருக்கிறது: எந்த வழக்கானாலும், கைதானவருக்குப் புரிகிற மொழியில், காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஸ்தலத்திலேயே முடியாவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு தாளை நீட்டிக் கைநாட்டுப் போடச் சொன்னால், தமிழில் கொடுங்கள் என்று கேளுங்கள். வீட்டில் யாருக்காவது தகவல் சொல்லியாக வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். இது 1996லேயே டி.கே. பாசு வழக்கில் சொன்னது. பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு பெண்களைச் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது. அவசியமென்றால் மாஜிஸ்திரேட் அனுமதியோடு பெண் அதிகாரிதான் வர வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லாவிட்டால், ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். இதைச் சொல்லிக் கேட்கும்போது குரலை உயர்த்த வேண்டியதில்லை; சட்டத்தைத்தானே கேட்கிறோம்.

செய்தி கொடுப்பதிலும் நாம் பழக வேண்டியது உண்டு. "நூற்றுக்கணக்கானோர் பாதிப்பு" என்று எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் குப்பையில் போடுவார். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தத் தேதி, எத்தனை பேர், எத்தனை நாள் கூலி பாக்கி, யாருக்கு எப்போது மகஜர் கொடுத்தோம், அதற்குப் பெற்ற ரசீது எங்கே, இத்தனையும் ஒரே தாளில் இருக்க வேண்டும். அன்றைக்கே போக வேண்டும். போடாவிட்டால் அடுத்த வாரம் அதே தாள் மறுபடி போக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்டு வாங்கிய சர்க்கார் பதிலை அதோடு சேர்த்தால், மறுப்பது கடினம். செய்தி வராத இடத்தை வாட்ஸ்அப் வதந்தியால் நிரப்ப வேண்டாம். ஒரு பொய் போதும், நாம் சொன்ன நூறு உண்மையும் அதோடு போய்விடும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். லயத்துக்கு ஒருவர், ஆலைக்கு ஒருவர் பொறுப்பு. என்ன நடந்தது என்பதை நடந்த அன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள். வாச்சாத்திப் பெண்கள் பத்தொன்பது வருஷம் கழித்துத் தீர்ப்பைக் கேட்டார்கள். அத்தனை நாள் மனசில் சுமந்தார்கள். நம்மால் காகிதத்தில் சுமக்க முடியும்.

கைதுபற்றி நான் சொன்ன விஷயங்களைப் பெரிய எழுத்தில் எழுதி லயத்துச் சுவரிலும் ஆலை வாசலுக்கு எதிரேயுள்ள டீக்கடையிலும் ஒட்டுங்கள். இன்று இந்த மலையில் கொழுந்து பறிக்கிறவர்களில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் ஏராளம். தமிழ்ப் பத்திரிகையில் அவர்கள் செய்தியும் வருவதில்லை, தமிழ்ப் பத்திரிகை அவர்களுக்குப் படிக்கவும் தெரியாது. ஒட்டுகிறபோது பக்கத்தில் இந்தியிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். நாளைக் காலையிலேயே போய்க் கேளுங்கள்.